பதினொரு மணி வத்தம்

அந்தப் பதிவில் நேரம் சரியாக இருந்தது. ஜெபினை முதலில் உறுத்தியது அதுதான்.

நிலையம் ஏழு, எண்ணூர் முகத்துவாரம். நேரம், கிரீன்விச் கணக்கில் 11:00. வந்து சேர்ந்தது நம்மூர் மாலை நாலரைக்கு. கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம்மூர் நேரம். பதினொன்றும் ஐந்தரையும் பதினாறரை, அதாவது நாலரை. கணக்கு கச்சிதம். ஏழாம் நிலையத்தைப் பார்த்துக்கொண்ட லட்சுமணன் பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட இந்தக் கணக்கைப் போட்டதில்லை. "நம்ம ஊரு கடலுக்கு இன்னாத்துக்கு சார் வெள்ளக்காரன் டைமு?" என்று கேட்டுவிட்டு, தன் கைக்கடிகாரம் காட்டுவதையே எழுதுவார். தினமும் ஜெபின் தலையில் அடித்துக்கொண்டு ஐந்தரையைக் கழிப்பான்.

இன்று கழிக்க வேண்டியிருக்கவில்லை.

லட்சுமணன் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்று, நவம்பர் மாதம். ராயபுரத்தில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே, மாடியில், கடல் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் தரவு அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம், மின்சாரம் போனால் கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிற ஒரு யுபிஎஸ், பிறகு மிளகாய் நெடி. கடலின் வெப்பத்தை உலகுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார்கள். ஜெபினின் விசிட்டிங் கார்டில் 'தரவு மேலாளர்' என்று போட்டிருந்தது. நாகர்கோவிலில் அவன் அம்மா அந்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். அவன் மேலாண்மை செய்த படை மதி ஒருத்திதான். புளியந்தோப்புக்காரி. அவளும் அவன் சொன்னால் கேட்கமாட்டாள்.

வேலை லேசானதுதான். பழவேற்காட்டிலிருந்து மெரினா வரை பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு பேர் தினமும் கடல்நீரின் சூடு, உப்பு, ஆழம் மூன்றையும் அளந்து, பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் இணையப் படிவத்தில் ஏற்றுவார்கள். ஜெபின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு தர எண் போடுவான். ஒன்று என்றால் நல்ல தரவு. நான்கு என்றால் தவறான தரவு. ஒன்பது என்றால் அங்கே ஒன்றுமே இல்லை. பிரம்பில்லாத வாத்தியார் வேலை. எல்லாவற்றையும் சேர்த்து வருகிற வெள்ளிக்கிழமை வலைத்தளத்தில் திறந்துவிட வேண்டும். உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 'கடல் எல்லோருக்கும் பொது, அதன் தரவும் பொது' என்று இயக்குநர் அருள்நாதன் ஒரு சுவரொட்டி அடித்து அனுப்பியிருந்தார். அது மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை பிய்ந்து டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது.

பதிவை மறுபடி, மதிக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தான். ஆழம் 1.4 மீட்டர். சூடு 41.2. கடைசியில் குறிப்புப் பத்தி. அதை யாரும் நிரப்புவதில்லை, லட்சுமணனைத் தவிர. ஆங்கில எழுத்தில், தமிழில், எல்லாம் சின்ன எழுத்தாக, ஒற்றை விரலால் தட்டியது:

வெந்நீரா கீது சார்.

"யாரோ கலாய்க்கிறானுங்க சார்," என்றாள் மதி, தலையைத் திருப்பாமலே. "பிரவுசிங் சென்டர்ல எவனுக்காச்சும் அவரு பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கும். பெண்டாட்டி பேரத்தானே வெச்சிருந்தாரு."

"இருக்கும்," என்றான் ஜெபின். பதிவுக்குப் பக்கத்தில் நான்கு போட்டான். விரல் பழக்கத்தில் தானே போட்டது.

இந்த நான்குக்கு ஒரு கதை உண்டு. சொல்லிவிடலாம், ஜெபின் சொல்லமாட்டான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு இந்த வேலைக்கு வந்தவர் லட்சுமணன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து தினமும் பஸ் ஏறி எண்ணூர் போவார். முதல் வாரத்திலிருந்தே அவர் அனுப்பியதெல்லாம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மற்ற பதினோரு பேருக்கும் இருபத்தொன்பதுக்கு மேல் போகவில்லை. முகத்துவாரத்தின் மேல்கரையில் ஏதோ ஓர் ஆலையின் குழாய் வெந்நீரும் சாம்பல் சேறும் கக்கிக்கொண்டிருந்தது. ஜெபின் அந்தப் பக்கம் போனதே இல்லை. முப்பத்தைந்துக்கு மேலே வந்தால் தவறு என்று அவனே கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தான். நிரல் எழுதியவனே நிரலை மதிக்கவில்லை என்றால் எப்படி?

"முப்பத்தஞ்சுக்கு மேல போனா கம்ப்யூட்டர் ஏத்துக்காது லட்சுமணன்."

"கம்ப்யூட்டர இட்டாந்து தண்ணில உடு சார். ஏத்துக்கும்."

மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வரும்போது ஒரு பை நண்டு கொண்டுவருவார். "புடிக்கசொல்லவே வெந்து கீது சார். மசாலா மட்டும் தடவிக்கோ." மதி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜெபினும் சிரிப்பான். சிரித்துவிட்டு நான்கு போடுவான்.

அக்டோபரில் அருள்நாதன் தொலைபேசியில் கடித்துக் குதறினார். ஏழாம் நிலையம் முழுக்க நான்காக இருந்தால் திட்டத்துக்கே அவமானம், ஆளை மாற்று என்றார். ஜெபினுக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காதவர்கள் செய்கிற வேலையைச் செய்தான். லட்சுமணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கரையோரத் தண்ணீர் வெயிலில் சுட்டிருக்கும், நடுவில் ஒரு கம்பம் நிற்கிறதாமே, அதுவரை இறங்கிப் போய் அளந்து வா என்றான். "கையை ஆட்டக் கூடாது. ஆட்டினா ரீடிங் தப்பா வரும். எத்தனை தரம் ஆனாலும் பரவாயில்ல, இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க." எப்போது இறங்குவது என்று கேட்டார். ஜெபின் இணையத்தில், கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் சொல்கிற ஓத அட்டவணையைத் திறந்து, விரலை ஓட்டி, "பதினொரு மணிக்கு வத்தம்" என்றான்.

அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தது.

பதினோரு மாதமாக ஐந்தரை ஐந்தரை என்று அடுத்தவனுக்குப் பாடம் எடுத்தவன், அன்றைக்கு ஐந்தரையைக் கூட்ட மறந்தான். வற்றம் மாலை நாலரைக்கு. காலை பதினொன்றுக்கு ஏற்றம் முழுசாக நின்றது.

"அந்த டைம்ல தண்ணி ஏறிகினு இருக்கும் சார். நான் டெய்லி பாக்குறேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?"

"சரி சார்."

இரண்டு நாள் கழித்து அவர் உடலை, கம்பத்துக்கு நாலு அடி தள்ளி, சாம்பல் சேற்றில் இடுப்புவரை புதைந்த நிலையில் எடுத்தார்கள். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டு. கடைசி வரி நனையவில்லை. 11:00. ஆழம் 1.4. சூடு 41.2. 'வெந்நீரா கீது சார். நீயே வந்து பாரு.'

விசாரணை அறிக்கை எழுதும் வேலை தரவு மேலாளருக்குத்தான் வந்தது. பணியாளருக்குச் சொன்ன நேரம் மாலை 4.30 என்று எழுதினான். அது மட்டும் போதவில்லை. ஒருவர் ஏன் சொன்ன நேரத்தை விட்டுவிட்டு ஏற்றத்தில் இறங்கினார் என்று கேட்பார்களே. 'குடிபோதையில்' என்று ஒரு சொல் சேர்த்தான். நோட்டின் கடைசி வரிக்கு நான்கு போட்டான். குறிப்பை அழித்தான். அன்றிரவு சாப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் சாப்பிட்டான்.

*

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பூவம்மா வந்தாள். மாடிப்படி ஏறி வரும்போதே மிளகாய் நெடியில் இருமிக்கொண்டு வந்தாள். மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்தபடி நின்றாள்.

"நீதான் ஜெபின் சாரா?"

"சொல்லுங்கம்மா."

"லட்சுமணன் வூட்டுக்காரி. அவரு நோட்டு வோணும் சார்."

"அது ஆபீஸ் ரெக்கார்டும்மா. தர முடியாது."

"சரி, நோட்டு கெடக்குது. அந்தக் காயிதத்துல குடிச்சினு போனாருன்னு எழுதிக்கீதாமே. இருவது வருசமா புத்தர் படத்து முன்னால சத்தியம் பண்ணிகினு கீறவரு சார். பீர் பாட்டில்ல தண்ணிகூட புடிச்சி வெக்க உடமாட்டாரு. அத்த மட்டும் அடிச்சிடு. வேற ஒண்ணும் கேக்கல."

"அது என் கையில இல்லம்மா."

அப்போது அவன் கையில் பேனா இருந்தது. பூவம்மா அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"அன்னிக்குக் காலைல என்கிட்ட சொல்லிட்டுதான் சார் போனாரு. சாரு பதினொண்ணுக்கு வத்தம்ங்கிறாரு, அது ஏத்த நேரம், ஆனா சாரு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்றாரேன்னு."

மதி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். ஜெபின் அவசரமாக எழுந்து, மூலையில் இருந்த மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு பூவம்மாவிடம் நீட்டினான். ஒரு வாய் வைத்தவள் முகம் சுளித்து டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"இன்னா சார், வெந்நீரா குடுக்குற? உப்பு வேற கரிக்குது."

அவள் போன பிறகு ஜெபின் டம்ளரைத் தொட்டுப் பார்த்தான். விரலை இழுத்துக்கொண்டான்.

நாலரைக்குப் பதிவு வந்தது. கிரீன்விச் 11:00. சூடு 41.2. ஆனால் இடம் மாறியிருந்தது. எண்ணூரின் அட்சரேகை பதிமூன்று புள்ளி இருபத்துமூன்று பாகை. இன்றைய பதிவில் பதிமூன்று புள்ளி பதினாறு. சுவரில் ஒட்டியிருந்த கடற்கரை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தான். திருவொற்றியூர். நேற்றிலிருந்து இன்றைக்குள் தெற்கே இவ்வளவு தூரம். அவன் விரல் நின்ற இடத்துக்கும் ராயபுரத்துக்கும் நடுவே இன்னொரு விரல் அளவுதான் மிச்சம்.

குறிப்பு: இன்னொரு தபா பாத்தேன் சார். அதேதான்.

ஏழாம் நிலையத்தின் கடவுச்சொல்லை மாற்றினான். பதினாறு எழுத்து, நடுவில் எண்கள். நாகர்கோவில் வீட்டுக் கதவு எண்ணைக்கூட விடாமல் சேர்த்தான்.

*

புதன்கிழமை காலையிலிருந்தே அறையில் வேறொரு வாசனை இருந்தது. மிளகாய் நெடிக்குக் கீழே, மிக மெல்லிசாக, எரிகிற விறகடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்தால் எழுமே, அந்த நனைந்த சாம்பலின் வாசனை, பாயைச் சுருட்டி வைத்த மூலையிலிருந்து வருவது போலவும், பக்கத்தில் போனால் அங்கிருந்து நகர்ந்து ஃபைல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது போலவும் இருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தத்தையும் கழிவறைக் குழாய் ஒழுகுகிற சத்தத்தையும் ஜெபின் பிரித்துக் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றாவதாக ஒரு சத்தம் இருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் யாரோ காலைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து நடக்கிற சத்தம். அவசரமில்லாத நடை.

"மதி, ஏதாவது கேக்குதா?"

"உன் வயிறுதான் கத்துது சார். காலைலேர்ந்து டீயத் தவிர இன்னா சாப்ட்ட?"

முகம் கழுவப் போனான். குழாயைத் திறந்ததும் ஆவி வந்தது. தொட்டியில் விழுந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் சுழன்று, வடிகால் ஓட்டையில் ஒரு மெல்லிய சேற்று வளையத்தை விட்டுவிட்டுப் போனது. அந்த மாடியில் வெந்நீர் குழாய் கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால் கீழே மண்டிக் கணக்கப்பிள்ளை செல்லம்மாவிடம் கெஞ்ச வேண்டும்.

நாலரை. பதிவு.

பதிமூன்று புள்ளி பன்னிரண்டு. காசிமேடு. இதோ, நடந்தால் கால் மணி நேரம்.

குறிப்பு: பாஸ்வேர்டு நல்லா கீது சார். ஊட்டு நம்பரா?

"மதி, இங்க வந்து பாரு."

மதி வந்து அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இன்னாத்த பாக்க சொல்ற?"

"ஏழாம் நிலையம். குறிப்பைப் படி."

"ஏழுல ஒம்போது ஒம்போதுன்னுதான் சார் கீது. அவரு போனதுலேர்ந்து நீதானே ஒம்போது போட்டுகினு வர." அவள் குரல் இறங்கியது. "சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. அந்த அம்மா கேட்டுச்சே, அத்த அடிச்சி உட்டுடு சார். நீ சரியா தூங்குவ."

அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினொரு மணி என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது அவள் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

*

வியாழக்கிழமை, தரவை வலைத்தளத்தில் திறப்பதற்கு முந்தின நாள். வானம் காலையிலிருந்தே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு மதி மூன்றரைக்கே கிளம்பினாள். படியில் நின்று, "நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க சார். எவ்ளோ ஊர்லேர்ந்து," என்றாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெபின் ஏழாம் நிலையத்தின் கோப்பைத் திறந்தான். பதினோரு மாதம். முந்நூற்றுச் சொச்சம் வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் அவன் போட்ட நான்கு, பல் வரிசை மாதிரி. அழித்த குறிப்புகள் கம்ப்யூட்டரின் பழைய பிரதியில் இன்னும் இருந்தன. இன்னிக்கு மீனு செத்து மெதக்குது சார். இன்னிக்கு காலு கொப்புளம் சார், நாளிக்கு லேட்டா வரேன். இன்னிக்கு நம்ம மதிக்கு பொறந்தநாள்னு சொல்லு சார், நண்டு எடுத்தாறேன்.

அவன் கண் கலங்கியது. கெட்டவன் இல்லை அவன். இதைச் சொல்லும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நான்கை ஒன்றாக்க வேண்டும். நேரத்தைத் திருத்த வேண்டும். ஒரு சொல்லை அடிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பிறகு அருள்நாதன் கேட்பார், போலீஸ் கேட்கும், நாகர்கோவிலில் வேதாகமத்துக்குள் இருக்கிற அட்டையைப் பற்றி யாராவது கேட்பார்கள்.

சுட்டியை நகர்த்தினான். முதல் வரியில் வைத்து, கடைசி வரி வரை இழுத்தான். எல்லாம் நீலமானது.

திருத்தவில்லை. அழித்தான்.

ஏழாம் நிலையம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பழைய பிரதியையும் அழித்தான். இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசித் தாளைக் கிழித்துச் சுக்குநூறாக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினான். பதினோரு நிலையம். பதினொன்று நல்ல எண்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரம் நாலு இருபத்தெட்டு.

கீழே மண்டியில் செல்லம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை உருளும் சத்தம். ரேடியோ. எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தது. ஜெபின் நீளமாக மூச்சு விட்டான்.

மின்சாரம் போனது.

யுபிஎஸ் கத்தியது. ஒரு கத்தல், ஒரு இடைவெளி. இன்னொரு கத்தல். திரை மட்டும் வெளிச்சம். மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. ஆனால் சுவரொட்டியின் பிய்ந்த மூலை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டப். டப். ஈரமான காகிதத்தின் சத்தம்.

மோடத்தை அவன் போடவில்லை.

அது தானே எண்களைச் சுழற்றியது. மறுமுனை எடுத்தது. வழக்கமான கீச்சல், கரகரப்பு. அதற்கு அடியில் வேறொன்று. மூச்சு. வாயில் தண்ணீரோடு ஒருவர் விடுகிற மூச்சு.

பாதம் சுட்டது.

குனிந்து பார்த்தான். கதவிடுக்கு வழியாக வரவில்லை. கூரையிலிருந்தும் வரவில்லை. சிமென்ட் தரை முழுக்க, வியர்ப்பது போல, சாம்பல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. செருப்பை மூடியது. கணுக்கால். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஓட வேண்டும். கதவு பத்தடி. வலது காலைத் தூக்கினான். வரவில்லை. தரை இருந்த இடத்தில் தரை இல்லை. மாவு மாதிரி, கூழ் மாதிரி, சூடாக, கெண்டைக்காலைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. காலை இழுக்க இழுக்க உள்ளே போனது.

"செல்லம்மா! அக்கா!"

கீழே ரேடியோ பாடியது. மூட்டை உருண்டது. ஒரு சொட்டுக்கூட அங்கே ஒழுகவில்லை.

முழங்கால். தொடை. சுடுகிறது. ஐயோ, சுடுகிறது. மேசைக்கடியிலிருந்து ஏதோ மிதந்து வந்து வயிற்றில் இடித்தது. நண்டு. சிவப்பாக, வெந்து, கால்கள் மடங்கி. இன்னொன்று. பிறகு பத்து இருபது.

திரையில் ஒரு படிவம் திறந்திருந்தது.

நிலையம்: ஏழு.
இடம்: ராயபுரம்.
நேரம்: 11:00.
அளப்பவர்: ஜெபின்.

மற்ற கட்டங்கள் காலி. கட்டத்துக்குள் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவன் வலது கையில் ஏதோ இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. நீளமான கண்ணாடி வெப்பமானி, கயிறு கட்டியது, கயிற்றில் காய்ந்த சேறு. அது அவன் ஏழாம் நிலையத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

தண்ணீரில் விட்டான். எடுத்தான். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

இடது கையால் தட்டினான். 41.2. ஆழம் 1.4. குறிப்புப் பத்தியில் எல்லாவற்றையும் எழுதினான். நான்தான் பதினொன்று என்று சொன்னேன். ஐந்தரையைக் கூட்ட மறந்தேன். அவர் குடிக்கவில்லை. அவர் எழுதியதெல்லாம் சரி. தண்ணீர் வெந்நீர்தான். வெந்நீர்தான். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினான்.

நிரல் யோசித்தது. அவன் எழுதிய நிரல். முப்பத்தைந்துக்கு மேல்.

தரம்: 4. தவறான தரவு.

அவன் எழுதிய குறிப்பு ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழிந்தது. காலியான பத்தியில், சின்ன எழுத்தில், ஒற்றை விரல் வேகத்தில், வேறொன்று வந்தது.

இன்னொரு தபா பாத்துட்டு வா சார்.

மறுபடி விட்டான். 41.2. அனுப்பினான். நான்கு. இன்னொரு தபா. தண்ணீர் நெஞ்சில். மறுபடி. நான்கு. தோளில் தோல் பொங்கி வெள்ளையாக உரிந்தது. விசைப்பலகை மிதந்தது. அதன்மேல் ஒரு நண்டு. கை நடுங்கியது. பாதரசம் தெரியவில்லை. கண்ணில் ஆவி. சாம்பல் வாசனை இப்போது அலமாரிக்குப் பின்னால் இல்லை. அவன் பிடரியில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மூட்டை தூக்கிக் காய்த்த கை. நகக்கண்ணில் எல்லாம் சாம்பல். அதன் தோல் கையுறை மாதிரி மணிக்கட்டில் கழன்று தொங்கியது. அது கோபமாகப் பிடிக்கவில்லை. மெதுவாக, பழக்கித் தருகிறவர் போல, அவன் மணிக்கட்டைப் பற்றி, வெப்பமானியோடு சேர்த்துத் தண்ணீருக்குள் அழுத்தியது. ஈரமான வாய் அவன் காதருகே வந்தது.

"ஆட்டாம புடி சார். ஆட்டினா ரீடிங் தப்பா வரும்."

தண்ணீர் ஜெபினின் மோவாயைத் தொட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலரை. முள் நகரவில்லை. திரையில் படிவம் மறுபடி காலியாகத் திறந்து, கோடு துடித்தபடி காத்திருந்தது.